உட்கார்ந்தபடியே சோதிக்கச் சொல்லலாம்: விமான நிலையத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும்

வயதான அப்பா அம்மாவை விமானத்தில் அனுப்புகிறவர்கள் பாஸ்போர்ட், மாத்திரை டப்பா, ஸ்வெட்டர், பேரப்பிள்ளைக்கு முறுக்கு என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பார்கள். பாதுகாப்புச் சோதனையை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். பயணத்திலேயே அவர்களை அதிகம் பதற வைக்கிற இடம் அதுதான். பின்னால் வரிசை நெருக்கும், முன்னால் சீருடைக்காரர் புரியாத மொழியில் சொல்லுவார், கைத்தடியை வாங்கி பெல்ட்டில் போட்டுவிடுவார்கள், எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று தெரியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் நாட்டில் வயதுக்காகவோ உடல் குறைபாட்டுக்காகவோ யாருக்கும் சோதனையில் விலக்கு கிடையாது, அதைக் கேட்டுச் சண்டை போடுவதில் பயனும் இல்லை. ஆனால் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது. உட்கார்ந்தபடி, தனி அறையில், துணைக்கு ஒருவரோடு, அதே பாலினத்தவர் கையால் என்று நாம் கேட்டுப் பெறலாம். கேட்கிற நேரம்தான் முக்கியம், அதாவது காவலர் கையை நீட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பாதியில் சொன்னால் நீங்கள் தகராறு செய்கிற மாதிரி ஆகிவிடும், முன்பே சொன்னால் அது அவருக்கு ஒரு தகவல்.

இந்தியாவில் பெரிய விமான நிலையங்களில் சோதனை செய்வது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை, அதாவது சி.ஐ.எஸ்.எஃப். அவர்களுக்கு விதி வகுப்பது பி.சி.ஏ.எஸ். என்கிற விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு. செயற்கைக் கால் வைத்திருப்பவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், மருத்துவக் கருவி பொருத்தியவர்கள் ஆகியோரை எப்படிச் சோதிப்பது என்று 2014-லேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆனாலும் 2021 அக்டோபரில் நடிகை சுதா சந்திரன் ஒரு காணொளி போட வேண்டி வந்தது. 1981-ல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு மேடையேறி ஆடியவர் அவர். வெடிபொருள் தடயம் பார்க்கும் கருவியை வைத்துச் சோதியுங்கள் என்று கேட்டும், ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று பிரதமருக்கே முறையிட்டார். சி.ஐ.எஸ்.எஃப். மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், செயற்கைக் கால், காலைத் தாங்கிப் பிடிக்கிற காலிப்பர் போன்றவற்றைக் கழற்றச் சொல்லக் கூடாது என்றும், மாற்றுத்திறனாளி ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் கையால் தூக்குவது மனிதத்தன்மை இல்லாத செயல் என்றும் சொன்னது. இந்த இரண்டு வரியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சோதனை வரிசையில் தேவைப்படும்.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை

டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். அப்போது விட்டுப்போனால் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பாவது விமான நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். கேட்கும்போது மூன்று வகை இருப்பது தெரிந்திருக்கட்டும். டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்க முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படியும் ஏற முடியாது. டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். பலரும் முதல் வகையைப் போட்டுவிட்டு, பேருந்தில் ஏற்றி விமானத்தின் அடியில் இறக்கிவிடும்போது படியைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள்.

அப்பா அம்மா இருவருக்கும் நடக்கச் சிரமம் என்றால் இரண்டு நாற்காலி கேளுங்கள். ஒன்றுதான் வந்தது என்றால் இன்னொன்று வரும்வரை இருவரும் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்லி அனுப்புங்கள். 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து ஏர் இந்தியாவில் மும்பை வந்து இறங்கிய 80 வயதுப் பெரியவர் ஒருவர், கிடைத்த ஒரே நாற்காலியில் மனைவியை உட்கார வைத்துவிட்டுத் தான் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதிக்கு வரும்போது விழுந்தார், உயிர் பிழைக்கவில்லை. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. "பரவாயில்ல, நான் நடந்துக்கறேன்" என்று சொல்வது நம் வீட்டுப் பெரியவர்களின் சுபாவம், அதனால்தான் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கச் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு அட்டை. உள்ளங்கை அளவு போதும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் இரண்டே வரி: இவரால் நிற்க முடியாது, உட்கார்ந்தபடி சோதிக்கவும், இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறது. அவரவருக்கு எது பொருந்துமோ அது. மொழிப் பிரச்சினை நிஜமானது. 2020-ல் சென்னை விமான நிலையத்தில், தனக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்டதற்கு "நீங்கள் இந்தியரா" என்று சி.ஐ.எஸ்.எஃப். அதிகாரி ஒருவர் தன்னையே கேட்டதாக எம்.பி. கனிமொழி எழுதினார், அது பெரிய விவாதமானது. ஒரு எம்.பி.க்கே அப்படி என்றால், தனியாகப் பயணம் போகிற பாட்டி என்ன செய்வார்? மொழி உரிமையை நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதுவரைக்கும் அந்த அட்டை அவர் கையில் இருக்கட்டும்.

அட்டையோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பேஸ்மேக்கர் அட்டை, மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, பையில் வைக்காமல் கையில் கொடுங்கள். பை எக்ஸ்ரேக்குள் போய்விடும், காகிதம் தேவைப்படுகிற நேரத்தில் அது அந்தப் பக்கம் இருக்கும்.

உடுத்துவதிலும் கொஞ்சம் யோசியுங்கள். அம்மாக்கள் புடவைக்கு ஏழெட்டு ஊக்கு குத்தியிருப்பார்கள், அப்பாக்கள் வெள்ளி அரைஞாண் கட்டியிருப்பார்கள், எல்லாமே கருவியில் கத்தும். ஊக்கைக் குறையுங்கள். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்களோ என்று பல அம்மாக்கள் உள்ளுக்குள் பயந்துகொண்டே வருவார்கள். கத்தினால் பெண் காவலர் கையால் தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான் நடக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

சோதனை வரிசையில்

கூடப் போகிறவர் நீங்கள் என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். பெரியவரின் பை, செல்போன், கைத்தடி எல்லாம் தட்டில் வைத்ததும் முதலில் அவரை அனுப்பாதீர்கள். காவலரிடம் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "அம்மாவால் நிற்க முடியாது, உட்கார வைத்தே பாருங்கள்." அவர் தலையாட்டிய பிறகு நாற்காலி நகரட்டும். தடியை எக்ஸ்ரேயில் அனுப்பித்தான் ஆக வேண்டும், ஆனால் அது வெளியே வந்ததும் முதலில் அவர் கைக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். தடி இல்லாமல், வாசல் போல நிற்கும் அந்த உலோகச் சோதனைச் சட்டத்துக்குள் நடக்கிற நாலு அடியில் தடுமாறுகிறவர்கள் உண்டு, சட்டத்தையும் பிடிக்க விடமாட்டார்கள். முடியாது என்று தோன்றினால் கைக்கருவியை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நம் ஊர்ச் சோதனையில் பெரியவர்களுக்கு உண்மையான தொல்லை அந்தச் சின்ன மேடை. பெண்களுக்குத் திரை போட்ட அறைக்குள், ஆண்களுக்கு வெளியிலேயே, ஒரு அரை அடி உயரப் பலகை இருக்கும், அதில் ஏறி நின்று கையை அகல விரிக்கச் சொல்வார்கள். மூட்டு மாற்று அறுவை செய்த என் அம்மா ஒரு விமான நிலையத்தில் அந்தப் பலகைக்கு முன்னால் பிடிமானம் தேடித் திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஏற வேண்டியதில்லை. "கீழேயே நிற்கிறேன்" என்று சொன்னால் போதும், அந்தப் பெண் காவலரும் உடனே சரி என்றுதான் சொன்னார், அதுவரை ஏறச் சொன்னதற்கு, அம்மாவின் வலி அவருக்குத் தெரியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. தோளைத் தூக்க முடியாதவர்களும் அப்படியே சொல்லிவிடலாம்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு உடம்பைத் தொட்டுப் பார்ப்பார்கள், நாற்காலியின் மெத்தையைப் பார்ப்பார்கள், ஒரு சின்னத் துணித்துண்டால் கையையோ கைப்பிடியையோ துடைத்து இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வெடிமருந்துத் தடயம் பார்க்கிற சோதனை அது. வலிக்காது, எதையும் கழற்ற வேண்டியதில்லை. செயற்கைக் காலுக்கும் காலிப்பருக்கும் இதைத்தான் கேட்க வேண்டும். உடையை விலக்கிக் காட்ட வேண்டிய நிலை வந்தால் பொது இடத்தில் சம்மதிக்காதீர்கள், தனி அறை கேளுங்கள், கூட ஒருவர் வருவார் என்றும் சொல்லுங்கள். "எழுந்து ரெண்டு அடி நடங்க, பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், முடியாது என்பதைக் குரலை உயர்த்தாமல் இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டு, ஷிஃப்ட் பொறுப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பெரும்பாலான சமயம் அவர் வந்ததும் விஷயம் முடிந்துவிடும்.

உடம்பில் பொருத்தியிருக்கும் கருவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் உலோகச் சட்டத்தைச் சாதாரண வேகத்தில் கடந்துபோகலாம், அதன்மேல் சாய்ந்தோ உள்ளே நின்றோ இருக்கக் கூடாது. கைக்கருவியை நெஞ்சுக்கு மேலே பிடித்துக்கொண்டே இருக்க விடாதீர்கள், கையால் பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலின் பம்ப் போட்டவர்கள், தயாரித்த நிறுவனத்தின் அறிவுரையை முன்பே படியுங்கள், பல பம்ப்புகளை எக்ஸ்ரேயிலும் உடல் ஸ்கேனரிலும் விடக் கூடாது. காது கேட்கும் கருவியைக் கழற்றத் தேவையில்லை, கழற்றினால் காவலர் சொல்வதே அவருக்குக் கேட்காது.

சிறுநீர்ப் பை, வயிற்றில் ஒட்டிய மலப்பை, டயபர் இதெல்லாம் இருப்பவர்கள் வெளியே சொல்லக் கூசுவார்கள். சொல்லாமல் விட்டால் தடவும்போது அந்தக் கை சட்டென்று அழுத்திவிடும், பை கழன்றுபோனால் அந்த வேதனையை நினைத்தே பார்க்க முடியவில்லை. அதனால் அட்டையில் அதையும் எழுதுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், நீட்டினால் போதும். தனி அறையில் மென்மையாகப் பார்ப்பார்கள், பையைக் கழற்றிக் காட்டத் தேவையில்லை.

மறதி நோய் உள்ளவர்களைத் தனியாக ஒரு நொடிகூட விடாதீர்கள். ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரிக்கும்போது அம்மா ஒரு பக்கம் மகன் ஒரு பக்கம் போய்விடுவார்கள், மிரண்டுபோவார்கள். பெண் காவலரிடம் நிலைமையைச் சொல்லி, திரைக்கு வெளியே கண்ணில் படுகிற இடத்தில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

மின்சாரச் சக்கர நாற்காலி வைத்திருப்பவர்கள் பேட்டரி விவரத்தைக் காகிதமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி 300 வாட்-மணி வரை அனுமதி, அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

வெளிநாட்டில்

அமெரிக்காவில் டி.எஸ்.ஏ. என்ற அமைப்பு சோதிக்கிறது. பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பு அவர்களுடைய டி.எஸ்.ஏ. கேர்ஸ் உதவி எண்ணுக்கு அங்கிருக்கும் பிள்ளைகள் போன் செய்தால், சோதனையில் துணை நிற்க ஒருவரை ஏற்பாடு செய்ய முயல்வார்கள். 75 வயதுக்கு மேற்பட்டவர்கள் மெல்லிய மேல்கோட்டைக் கழற்ற வேண்டியதில்லை. ஷூவைக் கழற்றும் விதி 2025 ஜூலையில் எல்லோருக்குமே போய்விட்டது. திரவ மருந்து 100 மில்லிக்கு மேல் இருந்தாலும் அனுமதி உண்டு, ஆனால் தனியாக எடுத்து வைத்து முதலிலேயே சொல்ல வேண்டும். லண்டன் கேட்விக்கில் 2016-ல் தொடங்கிய சூரியகாந்திப் பட்டை, வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்வது, இப்போது பல நாட்டு விமான நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. மறதி நோய் உள்ளவர்களுக்கு ரொம்பவே உதவும்.

தவறாக நடந்துகொண்டால்

அந்த இடத்திலேயே படம் பிடிக்கப் போகாதீர்கள், சோதனைப் பகுதியில் அதற்குத் தடை இருக்கிறது, பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். சீருடையில் இருக்கும் பெயரைப் படித்துக்கொள்ளுங்கள். விமானப் பயணிகளின் புகாருக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடுங்கள், மாற்றுத்திறனாளிகள் என்றால் மாநில ஆணையருக்கும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி எழுதலாம். ஒரு புகார் என்ன செய்துவிடும் என்று விடாதீர்கள். மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷை 2012-ல் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார், 2016-ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. மேலே சொன்ன 2021 கருத்துகளும் அந்த வழக்கின் தொடர்ச்சியில் வந்தவைதான்.

புகாரில் கோபத்தைவிட விவரம் பேசட்டும். விமான எண், தேதி, நேரம், எந்தச் சோதனை வரிசை, நீங்கள் முன்கூட்டியே என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, பொறுப்பாளரைக் கூப்பிட்டீர்களா என்று எல்லாவற்றையும் கேட் அருகே உட்கார்ந்ததும் செல்போனில் குறித்துவிடுங்கள். ஊர் போய்ச் சேர்ந்தபின் எழுதினால் நேரமும் பெயரும் மறந்துபோயிருக்கும்.