டீசல் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

டீசல் முள்ளை நம்பாதீர்கள். படகு ஆடினால் அதுவும் ஆடும். முகத்துவாரத்தில் தாங்கியைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு, இயந்திரச் சுழற்சியை மாற்றாமல் நீர்கொழும்புப் பக்கம் அரை மணி நேரம் ஓடிவிட்டு, அதே வேகத்தில் திரும்பிவிடுவேன். போக்கும் வரவும் சேர்ந்தால் நீரோட்டத்தின் பொய் பெரும்பாலும் கழிந்துவிடும். அளவுக் கேனால் மறுபடி கழுத்துவரை ஊற்றுங்கள், ஊற்றியதே செலவு. அதை ஓடிய கடல் மைலால் வகுங்கள்.

என் படகின் நீர்க்கோட்டு நீளம், அதாவது நீர்மட்டத்தில் அளந்த நீளம், 36 அடி. 6 நொட்டில் (ஒரு நொட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) மணிக்கு 4 லீற்றர், 7.5 நொட்டில் 9. ஒன்றரை நொட் அவசரத்துக்கு இவ்வளவா! 36இன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் சுமார் 8 நொட், இந்த நீளப் படகின் இயல்பான வேக எல்லை அதுதான். அதை நெருங்க நெருங்கப் படகு தான் எழுப்பிய அலையிலேயே மலையேறுகிறது.

எண்ணெய், வடிகட்டிச் செலவை இயந்திரம் ஓடிய மணிக்கணக்கில் தனியே எழுதுங்கள். அளப்பதற்குமுன் அடிப்பாசியைச் சுரண்டிவிடுங்கள். நான் முதல்முறை சுரண்டாமல் அளந்து, பாவம், இயந்திரத்தைத் திட்டினேன்.