அரசு உயர்நிலைப் பள்ளியின் வரலாற்றை எழுதும் முறை

பொன்விழாவோ நூற்றாண்டு விழாவோ நெருங்கும்போது, தமிழ்நாட்டின் சிற்றூர்களில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகள் மலர் வெளியிடுவது வழக்கம். அவற்றுள் பல, வாழ்த்துச் செய்திகளாலும் தலைமையாசிரியர் பட்டியலாலும் நிறைந்துவிடுகின்றன. அந்த ஊரில் யாரால் படிக்க முடிந்தது, யாருக்கு அந்த வாய்ப்பு எப்போது கிட்டியது என்பதே பள்ளி வரலாற்றின் உயிர்நாடி. எழுத முனைவோர் இந்தக் கேள்வியோடுதான் தொடங்க வேண்டும்.

இதற்கு முதன்மையான ஆவணம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. தலைமையாசிரியரிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெற்று, பள்ளியிலேயே அமர்ந்து பார்க்க வேண்டும். மாணவர் பெயர், பெற்றோர் பெயர், தொழில், சாதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த நாள், நீங்கிய நாள் எனப் பத்திகள் நீளும். எல்லாப் பக்கங்களையும் படியெடுக்கத் தேவையில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜூன், ஜூலை மாதச் சேர்க்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் பெண்கள் எத்தனை பேர், கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள் எத்தனை பேர், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினாலே ஊரின் மாற்றம் கண்முன் விரியும். எந்த வகுப்போடு பெண்கள் நின்றுபோனார்கள் என்பதை நீங்கிய நாளுக்கான பத்தி காட்டிக்கொடுக்கும். பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வயதுக் கணக்குக்காகப் பள்ளியில் சேர்க்கும்போது ஒரு தேதியைச் சொல்லி எழுதவைப்பது பரவலாக இருந்த பழக்கம். சாதி முதலிய விவரங்களை எண்ணிக்கையாக வெளியிடலாமே தவிர, தனி மனிதர் பெயரோடு சேர்த்து ஒருபோதும் அச்சிடக் கூடாது.

அடுத்து, பள்ளி தொடங்கிய ஆண்டு. தொடக்கப் பள்ளியாக ஆரம்பித்த ஆண்டும் உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தப்பட்ட ஆண்டும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதால், இரண்டையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். பழைய தாள்களில் ஜில்லா போர்டு உயர்நிலைப் பள்ளி என்ற பெயர் காணப்பட்டால், அது மாவட்ட நிர்வாகக் கழகத்தின் கீழ் இருந்து பின்னர் அரசின் பொறுப்புக்கு வந்தது என்று பொருள். அந்நாளில் வகுப்பைப் 'பாரம்' (form) என்று எழுதுவார்கள்; முதல் பாரம் என்பது இன்றைய ஆறாம் வகுப்பு. ஆறாம் பாரம் என்பது பதினொன்றாம் வகுப்பு. 1978இல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன்பு எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பின் முடிவில்தான் எழுதப்பட்டது. இதை மறந்தால் தேர்ச்சிக் கணக்குகள் எல்லாம் குழம்பிப்போகும்.

கல்வெட்டுகளைப் படிப்பதிலும் கவனம் தேவை. ஒரு கட்டடத்தின் அடிக்கல்லில் 'விஜய வருஷம்' என்று மட்டும் இருந்தால், அது 1893ஆகவும் இருக்கலாம், 1953ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். அதே கல்லில் உள்ள அதிகாரியின் பதவிப்பெயரையும் கட்டடத்தின் அமைப்பையும் வைத்தே முடிவுசெய்ய வேண்டும். நில ஆவணங்களில் பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு, வந்தால் 590ஐக் கூட்டிக்கொள்ளலாம்; பசலி 1358 என்பது 1948 ஜூலையில் தொடங்கி 1949 ஜூனில் முடிகிறது.

பள்ளியில் கிடைக்காத அரசாணைகளைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். அங்கு செல்லும் முன் ஊர் அந்தக் காலத்தில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை உறுதிசெய்துகொள்வது நல்லது. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள பள்ளியின் பழைய கோப்புகளைத் தென்னாற்காடு என்ற பெயரில்தான் தேட வேண்டும். ஈரோட்டுப் பள்ளிகளுக்கு 1979க்கு முந்தைய பெயர் கோயம்புத்தூர்.

தாள்கள் சொல்லாததை மனிதர்களிடம்தான் கேட்டறிய வேண்டும். தரம் உயர்த்துவதற்காகப் பொதுமக்கள் பங்குத்தொகை கட்டிய பள்ளி என்றால், யார் வீடு வீடாகச் சென்று வசூலித்தார்கள், பணமில்லாதவர்கள் நெல்லாகவோ உழைப்பாகவோ கொடுத்தார்களா என்று விசாரிக்க வேண்டும். பழைய மாணவர்களில் பெரிய பதவிக்குப் போனவர்களோடு நிறுத்திவிடாமல், இடையில் படிப்பை விட்டவர்களையும், இரவுக் காவலரையும், சத்துணவு சமைத்தவரையும் தேடிப்போய்க் கேட்பது அவசியம். இருவர் நினைவு முரண்பட்டால், இரண்டையும் எழுதி, பதிவேடு எதை ஆதரிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

நூல் அச்சான பிறகு ஒரு படி பள்ளியிலும் ஒரு படி ஊர் நூலகத்திலும் இருக்கட்டும். வெளியீட்டாளர் கன்னிமாரா பொது நூலகத்துக்குப் படி அனுப்புவது 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கடமையாகும்.