மாப்பிள்ளைச் சம்பா சாலட்: ஞாயிறு மாலை செய்து வைத்து வாரம் முழுக்க மதியச் சாப்பாடு

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். காலை ஏழரைக்குள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மதியம் ஹோட்டலில் அளவுச் சாப்பாடு சாப்பிட்டால் மூன்று மணிக்குக் கண் சொக்குகிறது. அதனால் இப்போதெல்லாம் முழு அரிசியில் சாலட் செய்து டப்பாவில் எடுத்துப் போகிறேன். கோசுமல்லி செய்யும் வீடுகளுக்கு இது அந்நியமான சாப்பாடு இல்லை. அதே எலுமிச்சை, அதே தேங்காய், அதே இஞ்சி. பாசிப்பருப்புக்குப் பதில் அரிசியும் பயறும், அவ்வளவுதான்.

சாலட் என்றதும் கினுவா என்ற வெளிநாட்டுத் தானியத்தை வாங்கச் சொல்வார்கள். வயலுக்கு நடுவில் இருக்கும் நமக்கு அது எதற்கு? மாப்பிள்ளைச் சம்பா இருக்கிறது. தவிடு போகாத சிவப்பு அரிசி. மென்றுதான் சாப்பிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் களியாகாது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் விதைகளைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. 2018இல் அவர் மறைந்தார். அப்படிப் பரவிய விதைகளால்தான் இன்று மாப்பிள்ளைச் சம்பாவைச் சாதாரண மளிகைக் கடையிலும் கேட்டு வாங்க முடிகிறது.

கடையில் இரண்டு விஷயம் பாருங்கள். பச்சரிசி, புழுங்கல் இரண்டும் இருக்கும். சாலட்டுக்குப் புழுங்கல்தான், பருக்கை பருக்கையாக நிற்கும். அடுத்து நிறம். அரிசி முழுக்க ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளை வரி தெரிந்தால் தீட்டிவிட்டார்கள் என்று அர்த்தம், அதை விட்டுவிடுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும், ஒரு கிலோவுக்கு மேல் வாங்கி அடுக்க வேண்டாம். கருப்புக் கவுனி அரிசியை இதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒட்டும், வெள்ளரிக்காயையும் ஊதாவாக்கிவிடும். அது இனிப்புக்குத்தான் அழகு.

அளவு: ஒருவருக்கு ஐந்து மதியத்துக்கு இரண்டு ஆழாக்கு அரிசி, சுமார் 300 கிராம். முளைகட்ட ஒரு ஆழாக்கு பச்சைப்பயறு.

சனிக்கிழமை ராத்திரி அரிசியை அலசி ஊறப்போடுங்கள். ஊறாமல் இந்த அரிசி வேகாது. வெயில் காலத்தில் ஊறும் பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் காலையில் புளிப்பு வாடை அடிக்கும். பயறைச் சனிக்கிழமை காலையிலேயே ஊறப்போட்டு, ராத்திரி ஈரத்துணியில் கட்டினால் ஞாயிறு மாலைக்குள் முளை எட்டிப் பார்க்கும். தை மாதம் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நெல் நிற்கும்போதே வயல் ஈரத்தில் தெளிக்கிற பயறு பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வரும். அந்தப் புதுப் பயறு கிடைத்தால் முளை ஒரே சீராக வரும். முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சேர்க்காதீர்கள். முளைக்கும் சூட்டிலும் ஈரத்திலும் கிருமியும் சேர்ந்து வளரும், இதையோ நாம் நாள் கணக்கில் வைக்கப் போகிறோம். இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து எடுங்கள்.

அரிசியை வேகவைக்கக் குக்கர் வேண்டாம் என்பது என் கட்சி. குக்கரில் தண்ணீர் அளவு கொஞ்சம் கூடினாலும் அடியில் குழைந்துவிடும். அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கவிட்டு, ஊறிய அரிசியைப் போட்டு, நம் பாட்டிகள் சோறு வடிக்கிற மாதிரி வடியுங்கள். முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் ஆகும். கடைசிப் பத்து நிமிடத்தில் உப்பு. பருக்கையை நசுக்கினால் மசிய வேண்டும், ஆனால் வாயில் போட்டால் கடிபட வேண்டும். சிப்பல் தட்டில் கொட்டி வடியவிடுங்கள். கஞ்சியை வீணாக்காதீர்கள், உப்பும் மோரும் சேர்த்துக் குடித்தால் அன்றைக்கு அதுவே பாதிச் சாப்பாடு.

இனிமேல்தான் முக்கியமான இடம். இந்த சாலட் வெள்ளிக்கிழமை வரை வருமா, செவ்வாய்க்கிழமையே நூல் விடுமா என்பது அடுத்த அரை மணி நேரத்தில் இருக்கிறது.

வெந்த அரிசியை அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் நடுவில் சூடு மணிக்கணக்கில் தங்கும். ஆவி மூடியில் பட்டுத் துளித்துளியாகச் சோற்றின் மேலேயே விழும். பேசில்லஸ் சீரியஸ் என்ற ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாக, ஈரமாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தி எடுக்கவைக்கும் நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. அதனால் சோற்றைச் சீக்கிரம் ஆறவைப்பது ருசிக்காக மட்டும் இல்லை.

இரண்டு பெரிய எவர்சில்வர் தாம்பாளம் எடுத்து, ஒவ்வொன்றிலும் விரல் தடிமனுக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக் கிளறி, மேலே மெல்லிய துணி போட்டு, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் கை வைத்தால் சூடு தெரியாது, பருக்கையின் மேல் ஈரப் பளபளப்பும் போயிருக்கும். அந்தப் பதம் வந்ததும் டப்பாவில் நிரப்பி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்து, நன்றாகச் சில்லிட்ட பிறகு மூடுங்கள். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரில் அலசி ஆறவைக்கலாமா என்றால், வேண்டாம். வேகவைத்துச் சுத்தமான சோற்றில் திரும்பப் பச்சைத் தண்ணீரைச் சேர்ப்பானேன்? டெல்டாவில் சித்திரை வெயிலுக்கு அறையே அடுப்பாகக் காயும், அந்த மாதங்களில் சூரியன் இறங்கிய பிறகு வேலையை ஆரம்பியுங்கள். எப்படியும் அடுப்பை விட்டு இறக்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

“பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம், ராத்திரி முழுக்க வெளியில்தானே இருந்தது” என்று கேட்பீர்கள். பழையது தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும், அதில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிக்கவைக்கும், விடிந்ததும் சாப்பிட்டுவிடுவோம். இங்கே சோறு தண்ணீருக்குள்ளும் இல்லை, புளிக்கவும் இல்லை, நாலு நாள் இருக்க வேண்டும். இரண்டும் வேறு சமாச்சாரம்.

நாலு நாளுக்கு மேல் ஃபிரிட்ஜை நம்பாதீர்கள். ஆறிய அரிசியில் மூன்று பங்கை ஃபிரிட்ஜிலும், வியாழன், வெள்ளிக்கான இரண்டு பங்கைத் தனித்தனியாக ஃபிரீசரிலும் வைத்துவிடுங்கள். பயறும் அப்படியே.

காய்களில் பெரிய வேலை இல்லை. கேரட், வெள்ளரிக்காய், மாங்காய் கிடைக்கும் காலத்தில் மாங்காய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், மல்லித்தழை. கேரட்டைத் துருவி மூன்று நாளுக்கு வைக்கலாம். வெள்ளரிக்காயை மட்டும் அன்றன்று காலையில் நறுக்குங்கள், விதைப் பகுதியை வழித்துவிட்டு. எனக்கு மிகவும் பிடித்தது வாழைத்தண்டு. நார் எடுத்துப் பொடியாக நறுக்கி மோரில் போட்டு வைத்தால் கறுக்காது. கிளம்பும்போது பிழிந்து சேர்த்தால் நறுக் நறுக்கென்று இருக்கும்.

சாறு தனிச் சீசாவில்: மூன்று எலுமிச்சை, இரண்டு ஸ்பூன் செக்கு நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகும், தட்டிய இஞ்சி, உப்பு. சாப்பிடும்போதுதான் ஊற்ற வேண்டும். உப்பு பட்டதும் காய் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். கண்ணாடி டப்பாதான் என் தேர்வு. பிளாஸ்டிக்கில் வெங்காய வாடை ஏறினால் இறங்காது. பித்தளைத் தூக்கில் எலுமிச்சை சேர்த்த எதையும் வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: இந்தக் குறிப்பைப் படித்தவர்கள் கேட்ட சில விஷயங்கள்.

ஆபீஸில் ஃபிரிட்ஜ் இல்லை என்று பலர் சொன்னார்கள், எங்கள் ஆபீஸிலும் இல்லை. அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்து ராத்திரியே ஃபிரீசரில் வையுங்கள். காலையில் கட்டியான பாட்டிலையும் டப்பாவையும் ஒட்டி வைத்து, தடித்த துண்டில் சுற்றிப் பையில் போடுங்கள். மதியம் திறக்கும்போது டப்பா தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சூடேறியிருந்தால் அன்றைக்கு அதைச் சாப்பிடாதீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள். முன்கூட்டியே அறிவிப்பு வரும். அன்றைக்கு ஃபிரிட்ஜைத் திறக்கவே திறக்காதீர்கள். திறக்காவிட்டாலும் கீழ்த் தட்டில் நாலு மணி நேரம்தான் குளிர்ச்சி நிற்கும். அதனால் அந்த வாரம் கீழே எதுவும் வைக்காமல் எல்லாப் பங்கையும் ஃபிரீசரில் வைத்து, ஒவ்வொன்றாக இறக்குங்கள்.

ஃபிரீசர் பங்கு கல்லாக இருக்கிறது என்றார் ஒருவர். முதல் நாள் ராத்திரியே கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். காலையில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, ஆவி பறக்க இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் வைத்தால் பழைய பதத்துக்கு வந்துவிடும். ஆனால் அதைத் திரும்ப ஆறவைத்துச் சுமக்க வேண்டாம், ஹாட்பேக்கில் சூடாகவே கொண்டு போய், காய் டப்பாவைக் குளிர்ந்த பாட்டிலோடு தனியாக வைத்து, சாப்பிடும்போது கலந்துகொள்ளுங்கள்.