இஸ்தான்புல்லில் இருவருக்கு ஒரு நாள்: அவசரமில்லாமல் சுற்றுவது எப்படி

இஸ்தான்புல்லை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பும் ஜோடிகள், மாலை நான்கு மணிக்கு ஏதாவது ஒரு மசூதிப் படியில் ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் பழைய நகரில் இரண்டே இடம், மதியம் படகேறி ஆசியக் கரை, பொழுது சாயும்போது திரும்பும் படகு. இவ்வளவு போதும். தோப்காபி அரண்மனைக்கு மட்டுமே மூன்று மணி நேரம் வேண்டும். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் செவ்வாயாக இருக்கக் கூடாது, அன்று அரண்மனைக்கு விடுமுறை.

இந்தத் திட்டத்துக்கு வெள்ளிக்கிழமை ஆகாது. ஜும்ஆ தொழுகைக்காக நீல மசூதியில் பிற்பகல் இரண்டரை வரை சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடுவதில்லை. காலை முழுக்க வீணாகிவிடும்.

முதல் வேலை பயண அட்டை. டிராம், மெட்ரோ, படகு எல்லாவற்றுக்கும் இஸ்தான்புல்கார்ட் ஒன்றே போதும். நிலைய வாசலில் உள்ள இயந்திரத்தில் வாங்கலாம். நோட்டைப் போட்டால் மீதி வராது, போட்டது முழுவதும் அட்டையில் ஏறிவிடும்; எனவே பெரிய நோட்டைத் திணிக்க வேண்டாம். ஒரே அட்டையை இருவருக்கும் அடுத்தடுத்துத் தட்டலாம்தான். ஆனால் ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கிடைக்கும் கட்டணச் சலுகை இரண்டாவது ஆளுக்குக் கிடைக்காது. நடுவில் ஒருவர் அறைக்குத் திரும்ப நினைத்தாலும் சிக்கல். ஆளுக்கொரு அட்டை வாங்குங்கள்.

காலணி விஷயத்தில் கவனம் தேவை. தெருக்கள் சரிவும் கருங்கல் பாவிய தளமுமாக இருக்கும், மசூதிகளில் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். கயிறு கட்டும் ஷூவை விட, கயிறில்லாமல் காலை நுழைத்துப் போடும், நன்றாக நடக்க வரும் ஷூ மேல். கூடவே காலுறை. பெண்களுக்குத் தலையை மூட ஒரு மெல்லிய துப்பட்டா வேண்டும். ஆண்கள் முழங்கால் தெரியும் அரைக்கால் சட்டையை அறையிலேயே விட்டுவிடலாம்.

ஒன்பது மணிவாக்கில் டி1 டிராமில் சுல்தான்அகமது நிறுத்தத்தில் இறங்குங்கள். முதலில் நீல மசூதி. அனுமதி இலவசம், ஆனால் ஐந்து வேளைத் தொழுகையின்போதும் பார்வையாளர்களுக்கு வாசல் அடைபடும். இங்கே நண்பகல் தொழுகை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரு மணியை ஒட்டியே வருகிறது. அதற்கு வெகுமுன்னரே ஆட்களை வெளியேற்றத் தொடங்கிவிடுவார்கள். தொழுகைகளுக்கு இடையே நீண்ட இடைவெளி காலையில்தான் இருப்பதால் இதை முதலில் முடிப்பது நல்லது.

இரண்டாவது இடத்தை இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். ஹாகியா சோபியா 2020இல் மீண்டும் மசூதியானது. 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல்தள மாடம் மட்டும்தான், ஆளுக்கு 25 யூரோ. அருங்காட்சியக பாஸ் செல்லாது. 2025இல் குவிமாடப் புதுப்பிப்புப் பணி தொடங்கியதால் உள்ளே சாரம் நின்றாலும் ஆச்சரியப்படாதீர்கள். இவ்வளவுக்கும் பிறகு போகலாமா என்றால், மொசைக்கில் ஆர்வமிருந்தால் கட்டாயம் போகலாம். தெற்கு மாடத்தில் பைசாந்தியப் பேரரசி சோயியின் மொசைக்கைக் கிட்டே நின்று பாருங்கள். அவள் மூன்று முறை மணந்தவள். நடுவில் இயேசு, மறுபக்கம் இருப்பது மூன்றாம் கணவர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன். முகங்களையும் அவருடைய பெயரையும் பின்னாளில் பெயர்த்து மாற்றிப் பதித்திருக்கிறார்கள். எழுத்துகளை உற்றுப் பார்த்தால் இடம் போதாமல் நெருக்கியிருப்பது தெரியும். தம்பதிகள் சேர்ந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் அந்தக் கட்டடத்தில் இல்லை!

மொசைக்கில் நாட்டமில்லாதவர் எதிரே உள்ள பசிலிக்கா நிலத்தடி நீர்த்தேக்கத்துக்குப் போகலாம். 336 தூண்கள், கோடையிலும் குளிர்ச்சி, முக்கால் மணி நேரம் போதும். ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே என்று பிரிந்து போவதில் தவறில்லை. ஒருவர் கைபேசியில் மட்டும் இணையம் இருந்தால், சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்பே பேசி வையுங்கள். சுல்தான்அகமது சதுக்கத்து முனையில் எட்டுத் தூண்களோடு நிற்கும் ஜெர்மன் நீரூற்று எங்கிருந்தும் கண்ணில் படும்.

இந்தச் சதுக்கத்தில் இரண்டு வலைகள் உண்டு. நன்றாக ஆங்கிலம் பேசி வழிகாட்டி வருபவர் கடைசியில் கம்பளக் கடையில்தான் கொண்டுபோய் நிறுத்துவார். ஷூ பாலிஷ் போடுபவர் உங்கள் முன்னால் பிரஷை நழுவவிட்டுப் போவார். எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கடன் என்று துடைத்துவிட்டுக் காசு கேட்பார். பிரஷ் கிடக்கட்டும், நடையைக் கட்டுங்கள்.

பிறகு டிராம் வேண்டாம். குல்ஹானே பூங்கா வழியாக மர நிழலில் இறங்கினால் சிர்கெசி வழியாக எமினோனு படகுத்துறைக்கு அரைமணியில் வந்துவிடலாம். கால் வலுவிருந்தால் மசாலாச் சந்தையின் பக்கத்துத் தெருவில் ருஸ்தம் பாஷா மசூதியையும் பார்க்கலாம்: கீழே கடைகள், நடுவில் குறுகிய படிக்கட்டு, மேலே உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினான் கட்டிய சின்ன மசூதி, சுவர் முழுக்க இஸ்னிக் நகரத்து வண்ணப் பதிகற்கள். படிக்கட்டு கண்ணில் படாமல் தாண்டிப் போய்விடுபவர்களே அதிகம்.

சதுக்கத்திலோ துறையடியிலோ மதியச் சாப்பாடு வேண்டாம். படகேறுங்கள். எமினோனுவிலிருந்து ஆசியக் கரையிலுள்ள காடிகோய்க்கு இருபது நிமிடம் சொச்சம். சுற்றுலாப் படகுக்கு ஆள்பிடிப்பவர்களைத் தாண்டி, ‘காடிகோய்’ பலகை போட்ட வழக்கமான துறையில் அட்டையைத் தட்டுங்கள். போகும்போது பழைய நகரம் வலக்கைப் பக்கமும் பின்னாலும் விரியும். திரும்பும்போது இடக்கைப் பக்கம். வெளி இருக்கைகள் முதலில் நிரம்பும், எனவே ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நில்லுங்கள். வெயில் நாளிலும் தண்ணீர் நடுவில் காற்று அடிக்கும். மேல்சட்டை கையில் இருக்கட்டும்.

காடிகோய் சந்தைத் தெருக்கள் துறைக்கு எதிரிலேயே தொடங்கிவிடும். விலை போட்ட மெனுவைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். அசைவம் தொடாதவர்கள் ‘எத்ஸிஸ்’ (இறைச்சி இல்லாதது) என்று கேட்கலாம். ஆனால் பருப்பு சூப்பில் எலும்புச் சாறு சேர்க்கும் கடைகளும் உண்டு என்பதால் ‘எத் சுயு’ (இறைச்சிச் சாறு) இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். உருளைக்கிழங்கோ சீஸோ வைத்த கோஸ்லேமே என்ற மெல்லிய ரொட்டி பெரும்பாலும் பாதுகாப்பானது. வங்கி அட்டையில் பணம் கட்டும்போது எந்த நாணயம் என்று இயந்திரம் கேட்டால் லிராவையே அழுத்துங்கள். உங்கள் நாட்டு நாணயத்தைத் தேர்ந்தால் மோசமான மாற்று விகிதத்தில் கழியும்.

சாப்பிட்டபின் கடலோரமாக மோடா வரை நடந்து, தேநீர்த் தோட்டத்தில் மணிக்கணக்கில் உட்காருங்கள். யாரும் எழுப்ப மாட்டார்கள். பூனை ஒன்று மடியில் ஏறினால் அதையும் யாரும் இறக்க மாட்டார்கள். நடக்க முடியாவிட்டால் துறைக்கும் மோடாவுக்கும் இடையே வட்டமிடும் பழைய டிராம் இருக்கிறது.

திரும்பும் படகைச் சூரியனை வைத்துத் தீர்மானியுங்கள். டிசம்பரில் ஐந்தரையை ஒட்டி மறைந்துவிடும், ஜூனில் எட்டே முக்கால் ஆகும். மறைவதற்கு அரைமணி முன்னால் கிளம்பும் படகு சரியாக இருக்கும்.

குளிர்காலத்தில் லோடோஸ் என்கிற தென்மேற்குக் காற்றோ மூடுபனியோ படகுகளை நிறுத்திவிடும். அப்போது டாக்சி தேட வேண்டாம், பாலத்து நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். காடிகோய் மெட்ரோவில் எம்4 ஏறி, அடுத்த நிறுத்தமான அய்ரிலிக் செஷ்மெசியில் மர்மராய் ரயிலுக்கு மாறினால் கடலுக்கடியில் சிர்கெசி வந்துவிடலாம். மர்மராயில் ஏறும்போது முழுத் தூரக் கட்டணமும் பிடிப்பார்கள். இறங்கியதும் வெளியே உள்ள திருப்பித் தரும் இயந்திரத்தில் அட்டையைத் தட்டினால்தான் மீதி திரும்ப ஏறும். இருவரும் அவரவர் அட்டையைத் தட்ட வேண்டும்.