குவேசார்களின் உச்ச காலம் எது? நாமே வரைந்து பார்ப்போம்

இரண்டு இரவு தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு எழுதுகிறேன். குவேசார் என்பது தொலைதூர விண்மீன் மண்டலத்தின் நடுவே, பெரும் கருந்துளைக்குள் விழும் வாயு பளிச்சென்று எரியும் இடம்.

முதலில் ஸ்லோன் வான் ஆய்வின் (SDSS, வானத்தை அளந்து பட்டியலிடும் திட்டம்) ஏழாம் வெளியீட்டுக் குவேசார் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். 1,05,783 குவேசார்கள். பதினாறாம் வெளியீட்டில் ஏழரை லட்சம் இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். வெவ்வேறு விதிப்படி பொறுக்கியவை அதில் கலந்து கிடக்கின்றன. திறக்க டாப்கேட் (TOPCAT, வானியல் அட்டவணைகளுக்கான மென்பொருள்) போதும். எக்செல்தான் வேண்டும் என்றால் உங்கள் பாடு.

அடுத்து, செம்பெயர்ச்சிக்கு ஒரு பட்டை வரைபடம். பிரபஞ்ச விரிவால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவுதான் செம்பெயர்ச்சி; எண் கூடக் கூடத் தூரமும் கூடும், நாம் பார்க்கும் காலமும் பின்னே போகும். 1.5 அருகே மேடு தெரியும். உச்சம் இதுதான் என்று குறிப்பேட்டில் எழுதியே வைத்துவிட்டேன். தப்பு.

தூரத்தில் இருப்பவற்றில் பளிச்சென்று எரிவது மட்டுமே தொலைநோக்கிக்கு எட்டும். பக்கத்தில் மங்கலானதும் சிக்கும். ஆகவே எல்லாத் தூரத்திலும் தெரியக்கூடியதை மட்டும் எண்ண வேண்டும். தனிப்பொலிவெண் (தூரத்தைக் கழித்த உண்மையான ஒளியின் அளவு) −27.5ஐ விடக் குறைவாக உள்ளவற்றை வடிகட்டுங்கள். எண் குறையக் குறைய ஒளி கூடும். நான் குறியை மாற்றிப் போட்டு, மங்கல் கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டினேன்.

இன்னும் முடியவில்லை. நம்மைச் சுற்றிச் செம்பெயர்ச்சி 2 முதல் 2.5 வரையுள்ள கோள ஓட்டின் கனஅளவு, 0.5 முதல் 1 வரையுள்ளதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு (பிரபஞ்ச விரிவை நீக்கிய கணக்கில்). பெரிய கூடையில் அதிகம் விழத்தானே செய்யும்? ஒவ்வொரு பட்டையையும் அதன் கனஅளவால் வகுங்கள். ஆஸ்ட்ரோபையும் (Astropy, வானியலுக்கான பைதான் நிரல் தொகுப்பு) டாப்கேட்டும் முழு வானத்துக்கான கனஅளவைத் தரும். பட்டியல் தொடுவது சுமார் 9,380 சதுர பாகை, அதாவது வானத்தில் 23 சதவீதம். வகுக்கும் முன் கனஅளவை 0.23ஆல் பெருக்க மறக்காதீர்கள்.

இப்போது மேடு 2க்கும் 3க்கும் நடுவே நகர்ந்திருக்கும். ஏறத்தாழ 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்புறம் இன்றை நோக்கிச் சரிவுதான். கருந்துளைகள் எங்கும் போய்விடவில்லை, அவற்றில் விழும் வாயு குறைந்துவிட்டது. மங்கலான கருந்துளைகளின் உச்சம் இன்னும் பிந்தி, செம்பெயர்ச்சி 1 அருகே வருவதை எக்ஸ்-கதிர் ஆய்வுகள் காட்டின. இந்தப் பட்டியலில் அது தெரியாது.

பின்சேர்க்கை: 2.7 அருகே பள்ளம் விழுகிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அங்கே குவேசார்களின் நிறம் சாதாரண விண்மீன்களின் நிறத்தோடு ஒத்துப்போவதால் பல தவறிவிடுகின்றன. பள்ளத்தைச் சமன்செய்து மறைக்காதீர்கள்.

இன்னொன்று: 0.5க்குக் கீழே வரையாதீர்கள். தோற்றப் பொலிவெண் (இங்கிருந்து தெரியும் ஒளியின் அளவு) 15ஐ விடப் பிரகாசமானவை இதில் இல்லை. பக்கத்துக் குவேசார்கள் அதில் அடிபட்டுப் போகும்.