எதில் போடலாம் என்று கேட்பதற்கு முன்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் என் சித்தப்பா மகன் கட்டிய வீட்டுக்கு மாடி உண்டு. மூன்று அறை, இரண்டு பாத்ரூம், ஆள் கிடையாது. சித்தி வாரம் ஒரு தடவை முட்டுவலியோடு ஏறிப்போய்த் தூசி தட்டிவிட்டு இறங்குவார். தம்பி பதினோரு வருஷமாக மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். போன லீவில் வந்தவன், "அண்ணே, கையில மூணு லட்சம் இருக்கு. எதுல போட்டா கொள்ளாம்?" என்றான். "அந்தப் பணம் எதுக்கு?" என்று கேட்டேன். முழித்தான்.

நான் பார்த்த பணத் தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகின்றன. பேசப் பேச விஷயம் வந்தது. ஊருக்குத் திரும்பி மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை போட வேண்டும், மகள் வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கடைக்கு ஆறு லட்சம் போதும். மாடிக்குப் போனதோ பதினாலு லட்சம். அடுத்த வீட்டில் மாடி எடுத்தார்கள், இவனும் எடுத்தான். அந்தச் செலவை மஸ்கட் வருஷங்களாக மாற்றிப் பார்த்தால் நாலுக்கு மேல் வருகிறது. வீடு கட்டியதைக் குறை சொல்லவில்லை. கட்டும்போது கடைக் கணக்கை யாரும் பக்கத்தில் எழுதி வைக்கவில்லை.

நகையிலும் இதே கதை. பெண்ணுக்கு இத்தனை பவுன் என்று ஊர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அது சரியா என்று நான் இங்கே சண்டை போடப் போவதில்லை. ஆனால் நகையைச் சேமிப்பு என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 ரூபாய் தங்கத்துக்குச் சேதாரமும் செய்கூலியும் 12 ரூபாய் என்றால், 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துக் கையைவிட்டுப் போவது 115 ரூபாய்க்கு மேல். விற்கும்போது தங்கத்துக்கு மட்டும்தான் விலை. அப்புறம் அதே நகையை அடகு வைத்து, வருஷா வருஷம் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பிப்பது. 12 சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு ஐந்து வருஷத்தில் 60,000 ரூபாய் கட்டியிருப்போம்; அசல் அந்த ஒரு லட்சம் அப்படியே நிற்கும். "உருப்படி லாக்கர்ல பத்திரமா இருக்கு" என்று வேறு சொல்லிக்கொள்வோம்.

மாதாமாதம் சம்பளத்தில் இவ்வளவு சதவீதம் ஒதுக்குங்கள் என்ற அறிவுரையை இங்கே பாதிப் பேர் அப்படியே பின்பற்ற முடியாது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். குலசேகரத்தில் ரப்பர் இலை உதிர்கிற காலத்தில் பால்வெட்டு நிற்கும், மழை பிடித்தாலும் நிற்கும். ஆனால் ஸ்கூல் ஃபீஸ் கேட்பது சரியாக ஜூனில். இப்படி வருமானம் உள்ள வீடுகள் வருஷத்துக்குப் பத்து மாதம்தான் என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும். வலையில் நல்ல பாடு, அதாவது நிறைய மீன், கிடைத்த அன்றைக்கே கொஞ்சம் தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். மிச்சம் இருந்தால் போடலாம் என்றால் மிச்சம் இருக்காது.

இன்னொரு தவறு கொஞ்சம் வித்தியாசமானது. பட்ஜெட் எழுத உட்கார்ந்ததும் கோயில் கொடை வரி, சர்ச் திருவிழா, வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சர்ச்சுக்குக் கொடுக்கிற தசமபாகம், அக்கா பிள்ளைக்குச் செய்ய வேண்டிய சீர் எல்லாவற்றையும் வீண்செலவு என்று அடித்துவிடுவது. அடித்தாலும் கொடுக்கத்தான் போகிறோம், கொடுக்கவும் விரும்புகிறோம். பிறகு அது கடனாக வந்து நிற்கிறது. மனசுக்குப் பெரிதான செலவை முதல் வரியிலேயே எழுதி, அதற்கு ஒரு தொகையும் வைத்துவிட்டால், கௌரவத்துக்காகச் செய்கிற செலவு எது என்று கீழே தானாகத் தெரியும்.

சொந்தக்காரர் ஏஜென்ட் என்பதற்காகச் சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசி எடுக்கிறோம். குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வருகிற டேர்ம் பாலிசி தனி, சேமிப்பு தனி. கூடுதல் வட்டி தருகிறோம் என்கிற ஃபைனான்ஸில் பணம் போடுவோருக்கு ஒன்று: வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு அங்கே கிடையாது. வளைகுடாவுக்குப் போனவர்கள் பழைய சேமிப்புக் கணக்கையே ஓட்டுவதும் தவறு. அதை வெளிநாட்டில் இருப்பவர்களின் உள்ளூர் வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றி, அங்கிருந்து வரும் சம்பளத்துக்கு என்ஆர்இ என்ற தனிக் கணக்கு திறக்க வேண்டும். நாமினி பெயரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் கொடுத்த அப்பா பெயரே பல கணக்குகளில் இருக்கிறது.

தம்பியின் மூன்று லட்சம் இப்போது கடைக்கென்று பிக்சட் டெபாசிட்டில் கிடக்கிறது. மாடியை வாடகைக்கு விடலாம் என்றபோது சித்தி இரண்டு நாள் பேசவில்லை. இப்போது அங்கே ஒரு நர்ஸ் குடும்பம் இருக்கிறது. வாடகை கடைக் கணக்குக்குப் போகிறது. சித்தி மாடி ஏறுவதில்லை.