சேலையில வண்டி ஓட்டும்போது போலீஸ் கை காட்டினா

எனக்கு வயசு 46. கோயமுத்தூர் கணபதி பக்கம் சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கேன். மாசத்துல ஒண்ணு ரெண்டு ராத்திரி சேலை கட்டி, விக் வெச்சு, காரை எடுத்துக்கிட்டு நீலாம்பூர்ல இருந்து மதுக்கரை வரைக்கும் பைபாஸ்ல போய்ட்டு வருவேன். 28 கிலோமீட்டர். பாட்டு போட்டுக்கிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, காத்துல முந்தானை ஆட ஓட்டுறது. வேற ஒண்ணும் கிடையாது. சம்சாரத்துக்குத் தெரியும். பிடிக்காது, ஆனா தெரியும்.

பதினோரு வருஷத்துல நாலு தடவை போலீஸ் நிறுத்தியிருக்காங்க. மூணு தடவை அஞ்சு நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. ஒரு தடவை மட்டும் ரெண்டரை மணி நேரம். அந்த ஒரு தடவையில இருந்து கத்துக்கிட்டதுதான் கீழ இருக்கிறதுல பாதி.

அது முதல் தடவை. ராத்திரி பதினொண்ணரை இருக்கும். தூரத்துல பேரிகார்டும் சிவப்பு லைட்டும் தெரிஞ்சதும் கை கால் ஓடலை. விக்கைப் பிடுங்கி பின்சீட்டுல வீசினேன். ஒரு கையில ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால பின்னாடி கிடந்த சட்டையைத் தேடினேன். வண்டி கோணல் மாணலா போச்சு. டார்ச் வெளிச்சத்துல அங்க நின்ன காவலருக்குத் தெரிஞ்சது என்னன்னா, ஒருத்தன் எங்களைப் பார்த்ததும் கறுப்பா எதையோ பின்னாடி வீசுறான். கஞ்சாப் பொட்டலம்னு நினைச்சா அவரைக் குத்தம் சொல்ல முடியாது. மேட்டைத் தூக்கினாங்க, ஸ்டெப்னியைக் கழட்டினாங்க. கடைசியில லத்தி முனையில விக்கைத் தூக்கிக் காட்டி, "என்னடா இது?"ன்னு கேட்டாங்க. நான் கீழ பாவாடை, மேல ஜாக்கெட், அதுக்கு மேல பட்டன் போடாத சட்டையோட நிக்கிறேன். "நாடகத்துல நடிக்கிறேன் சார்"னு சொன்னேன். எந்த நாடகம், எந்த ஊரு, வாத்தியார் யாருன்னு மூணே கேள்வி. மூணாவதுல நாக்கு ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வெச்சு, "வீட்டுக்குப் போன் போடவா?"ன்னு ஆரம்பிச்சு, மூவாயிரம் ரூபாயில முடிஞ்சது. வழக்கும் இல்லை, ரசீதும் இல்லை.

சேலை கட்டினதுக்காக என்னைக் கூட்டிட்டுப் போகலை. நான் ஒளிச்சதுக்காகவும் புளுகினதுக்காகவும்தான் கூட்டிட்டுப் போனாங்க. அதனால முதல் விஷயம்: பேரிகார்டைப் பார்த்ததும் எதையும் கழட்டாதீங்க, எதையும் நகர்த்தாதீங்க, யூ டர்ன் அடிக்காதீங்க. எப்படி இருக்கீங்களோ அப்படியே போய் நில்லுங்க.

இனி, வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது.

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நாலும் ஒரு கவர்ல போட்டு கண்ணுக்கு மேல இருக்கிற சன் வைசர்ல சொருகி வைங்க. ஹேண்ட்பேக்ல வைக்காதீங்க. காவலர் டார்ச் அடிச்சுக்கிட்டு நிக்கும்போது லிப்ஸ்டிக், சீப்பு, சேஃப்டி பின்னுக்கு நடுவுல லைசென்ஸைத் தேடுற அந்த அரை நிமிஷம் இருக்கே, அதுலதான் கை நடுங்க ஆரம்பிக்கும். போன்ல அரசாங்க ஆப்பான டிஜிலாக்கரோ எம்பரிவாஹனோ இருந்தாலும் செல்லும், 2018ல விதியை மாத்திட்டாங்க. ஆனா கேலரியில இருக்கிற போட்டோவைக் காட்டினா செல்லாது, ஆப்பைத் திறந்து காட்டணும். பைபாஸ்ல சிக்னல் போற இடம் உண்டு, அதனால அட்டையும் கூட இருக்கட்டும்.

ஆர்.சி.யில எந்த போன் நம்பர் இருக்குன்னு பாருங்க. இது ரொம்பப் பேருக்குத் தோணாது. இ-சலான் போட்டா எஸ்.எம்.எஸ். வண்டி ஓட்டினவனுக்குப் போகாது, வண்டி யார் பேர்ல பதிவாகியிருக்கோ அவங்க நம்பருக்குப் போகும். அப்பா பேர்ல வண்டி, அப்பா நம்பர்னா ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டொய்ங்னு அவர் தலையணைக்கிட்ட சத்தம் வரும். சீட் பெல்ட் ஆயிரம் ரூபாய் பெரிசில்லை. எந்த இடத்துல, எத்தனை மணிக்குங்கிற விவரத்துக்கு அப்புறம் பதில் சொல்லணும் பாருங்க, அதுதான்.

கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம்னு எல்லாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஒட்டாதீங்க. முன் பின் கண்ணாடியில 70 சதவீதம், பக்கவாட்டுல 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே போகணும்னு விதி. 2012ல உச்ச நீதிமன்றமே கறுப்பு ஃபிலிம் ஒட்டுறதைத் தடுத்துச்சு. மறைஞ்சுக்க ஒட்டுற ஃபிலிமே போலீஸைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லும். எரியாத பின் லைட்டும் அப்படித்தான். என் ரெண்டாவது நிறுத்தம் முப்பது ரூபாய் பல்பால வந்தது.

உடை விஷயத்துல ஒண்ணு ரெண்டு. ஹீல்ஸைக் கழட்டிப் பக்கத்து சீட்டுக்குக் கீழ வெச்சுட்டு தட்டைச் செருப்புல ஓட்டுங்க. ஹீல்ஸ்ல கிளட்ச் எங்க பிடிக்குதுன்னே தெரியாது. கொசுவத்தை ஒரு சாண் தூக்கிச் சொருகினா பெடல்ல சிக்காது. முந்தானையைத் தோள்ல பின் குத்திடுங்க, சீட் பெல்ட் அதுக்கு மேலதான் வரணும். விக்கோட முன்முடி கண்ணை மறைக்காம ரெண்டு கிளிப். பைக்ல போறவங்க துப்பட்டாவே வேண்டாம். சக்கரத்துல சிக்கினா போலீஸ் இல்லை, ஆம்புலன்ஸ்தான் நிறுத்தும்.

பின்சீட்டுல திறந்த பையில ஒரு சட்டை, வேட்டி இருக்கட்டும். ஒளிச்சு வைக்க வேண்டாம், பார்த்தா தெரியட்டும். ஸ்டேஷனுக்குப் போக வேண்டி வந்தா, "சார், சட்டை மாட்டிக்கிட்டு வரேன்"னு சொல்லி மாட்டிக்கலாம்.

கை காட்டினாங்கன்னா இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் ஓரங்கட்டுங்க. இன்ஜினை அணைச்சு, உள்ளே லைட்டைப் போடுங்க. கண்ணாடியை முழுசா இறக்கிட்டு ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வைங்க. வளையல் போட்டிருந்தா குலுங்கும், குலுங்கட்டும். லைட்டைப் போடுறதுக்குப் பயமா இருக்கும்னு தெரியும். இருட்டுல டார்ச் வெளிச்சத்துல திடீர்னு நம்ம முகத்தைப் பார்க்கிறதைவிட, நாலு அடி தள்ளி இருக்கும்போதே அவர் பார்த்துட்டு, மனசைச் சரிபண்ணிக்கிட்டு வரட்டும். அந்த நாலு அடி அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

அப்புறம் குரல். பொண்ணு குரல்ல பேச முயற்சி பண்ணாதீங்க. "வணக்கம் சார்"னு உங்க சொந்தக் குரல்ல நீங்களே முதல்ல சொல்லிடுங்க. லைசென்ஸை நீட்டும்போதே, "போட்டோவுல இருக்கிறது நான்தான் சார், விக் வெச்சிருக்கேன்"னு சேர்த்துச் சொல்லுங்க. சீருடையில இருக்கிற போலீஸ் அதிகாரி லைசென்ஸ் கேட்டா காட்டணும், மோட்டார் வாகனச் சட்டம் 130. அதுல விவாதமே இல்லை. போட்டோவும் முகமும் ஒத்துப்போகாததுதான் அவருக்கு நியாயமான சந்தேகம். அதை அவர் கேக்கிறதுக்கு முன்னாடி நாமளே தீர்த்துட்டா பாதி முடிஞ்சது. விக்கைக் கழட்டிக் காட்டச் சொன்னா கழட்டிக் காட்டுங்க, மானம் போயிடாது.

"எதுக்கு இந்த வேஷம்?"னு கட்டாயம் கேப்பாங்க. நான் சொல்றது ஒரே வாக்கியம்: "எனக்கு இப்படி உடுத்தப் பிடிக்கும் சார், எப்பவாச்சும் இப்படிப் போய்ட்டு வருவேன்." அதோட நிறுத்திடுவேன். நாடகம், மாறுவேடப் போட்டி, நண்பர்கிட்ட பந்தயம்னு எதுவும் வேண்டாம். திருநங்கைன்னும் சொல்ல வேண்டாம், நீங்க திருநங்கையா இல்லாத பட்சத்துல. நான் இல்லை. அவங்களுக்கு 2008ல இருந்து நலவாரியம் இருக்கு, அட்டை இருக்கு. "அட்டை எங்க?"ன்னு அடுத்த கேள்வி வரும். அதுவும் போக, அவங்க ரோட்டுல தினமும் படுற பாட்டுல நமக்கு நூத்துல ஒரு பங்குகூட இல்லை. நாம காருக்குள்ள இருக்கோம், வீட்டுக்குப் போய்க் கழட்டி வெச்சிடுவோம். அவங்க பேரைக் கடன் வாங்கறது நல்லா இல்லை.

ஊதச் சொன்னா ஊதுங்க. புது டியூப் மாட்டச் சொல்லிக் கேக்கலாம். லிப்ஸ்டிக்கைத் துடைச்சுட்டு ஊதுங்க. மூணாவது தடவை நான் துடைக்காம ஊதி, டியூப் முழுக்க மெரூன் கலர். எஸ்.ஐ. அதைப் பார்த்துட்டுச் சிரிப்பை அடக்க முடியாம அந்தப் பக்கம் திரும்பிட்டார். ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் அளவு, அதைத் தாண்டினா பத்தாயிரம் அபராதம், கோர்ட்டு, வண்டியும் ஸ்டேஷன்ல. சேலை கட்டுற ராத்திரி ஒரு பீர்கூட வேண்டாம்.

சட்டத்துக்கு வருவோம். ஆம்பளை சேலை கட்டுறது குத்தம்னு சொல்ற சட்டம் இந்தியாவுல இல்லை. 2014 ஏப்ரல் 15ல உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) போட்ட வழக்குல, ஒருத்தர் தான் உணர்ற பாலினத்தை உடையாலயும் பேச்சாலயும் நடத்தையாலயும் வெளிப்படுத்துறது அரசியலமைப்பு 19(1)(அ) தர்ற உரிமைக்குள்ள வரும்னு சொல்லிடுச்சு. தமிழ்நாட்டுல இன்னும் நேரடியா ஒண்ணு இருக்கு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021ல போட்ட உத்தரவைத் தொடர்ந்து, 2022ல காவலர் நடத்தை விதிகள்ல 24-சி னு ஒரு விதியைச் சேர்த்தாங்க. எல்ஜிபிடிக்யூ மக்களை, அதாவது பாலினத்துலயோ பாலீர்ப்புலயோ மாறுபட்டவங்களை, போலீஸ் துன்புறுத்தக் கூடாதுன்னு அதுல இருக்கு. முறைப்படி விசாரிக்கிறது துன்புறுத்தல் ஆகாதுன்னும் அதே விதியில இருக்கு, அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க. இதையெல்லாம் ரோட்டோரத்துல நின்னு ஒப்பிக்கச் சொல்லலை. சட்டம் பேசினா ஏட்டய்யாவுக்குக் கோவம் வரும். மனசுக்குள்ள இருந்தா நம்ம முதுகு நிமிர்ந்து இருக்கும், அதுக்குத்தான்.

நிஜமான ஆபத்து வழக்கு இல்லை, "வீட்டுல சொல்லிடவா?"ங்கிற அந்தக் கேள்விதான். அதுக்குப் பதிலை முன்கூட்டியே கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பழகுங்க: "என் மேல என்ன தப்போ அதுக்குச் சலான் போடுங்க சார், கட்டிடறேன்." குரலை உயர்த்தாம, அதையே ரெண்டு தடவை, மூணு தடவை. நாலாவது தடவை என்கிட்ட ஒருத்தர் இதை ஆரம்பிச்சார். "வீட்டுல தெரியும் சார், நம்பர் தரவா?"ன்னேன். பேச்சு அங்கேயே நின்னுபோச்சு. வீட்டுல தெரியாதவங்க இப்படிச் சொல்ல முடியாதுதான். அதுக்காகப் பணத்தை எடுத்து நீட்டாதீங்க, ஒரு தடவை குடுத்தா வண்டி நம்பர் அவங்க ஞாபகத்துல நிக்கும். நெஞ்சுல இருக்கிற பேர்ப் பலகையைப் படிச்சு மனசுல வாங்கிக்கங்க. யாராவது செல்போனைத் தூக்கினா, "படம் எடுக்க வேண்டாம் சார்"னு தெளிவாச் சொல்லுங்க. கிளம்பி ஒரு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தி, பேரு, இடம், நேரம் மூணையும் எழுதி வைங்க.

ஸ்டேஷனுக்கு வரச் சொன்னா, "என்ன காரணம் சார்?"னு கேளுங்க. கைது பண்ணினா காரணம் சொல்லணும், நீங்க சொல்ற ஆளுக்குத் தகவல் குடுக்கணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி கொண்டுபோகணும். இலவச சட்ட உதவிக்கு 15100. பொம்பளைங்களை ராத்திரியில கைது பண்ணக் கூடாதுன்னு இருக்கிற பாதுகாப்பு சேலை கட்டின ஆம்பளைக்குக் கிடைக்காது, அதை எடுத்துப் பேசி மாட்டிக்காதீங்க. கூப்பிட்டா வர ஒரே ஒரு நண்பர் நம்பர் மனப்பாடமா இருக்கணும். போனை முதல்லயே வாங்கி வெச்சுடுவாங்க.

எங்க வண்டியை நிறுத்துறோம்கிறதும் முக்கியம். சர்வீஸ் ரோட்டு இருட்டுல லைட்டை அணைச்சுட்டு உக்காந்திருந்தா அவங்க மனசு வேற பக்கம்தான் போகும். மூச்சு வாங்கணும்னா பெட்ரோல் பங்க்ல, வெளிச்சத்துல நிறுத்துங்க.

விட்டுட்டாங்கன்னா அவசரமா ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீங்க. காகிதங்களை வைசர்ல சொருகி, பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியில பின்னாடி பார்த்து, அப்புறம் எடுங்க. போன தடவை நான் இதையெல்லாம் செஞ்சேன், கதவை மட்டும் கவனிக்கலை. சின்னப் பையன், புதுசா வந்த காவலர்போல. பின்னாலயே ஓடி வந்து கதவைத் தட்டினார். திரும்பவும் என்னடான்னு எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிச்சு. "அக்கா... சார்... முந்தானை வெளிய தொங்குது, டயர்ல மாட்டிக்கும்"னு சொல்லிட்டு, நான் கதவைத் திறந்து உள்ள இழுத்துக்கிற வரைக்கும் பின்னாடி வந்த லாரிக்குக் கை காட்டி நிறுத்தி வெச்சிருந்தார்.